காதில் விழுந்த விடை

கரும்பலகையில் 0.3333 என்று எழுதி, கடைசி மூன்றுக்குப் பிறகு மூன்று புள்ளி வைத்துவிட்டு, அம்சவேணி திரும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். திரும்பினால் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருஷமாகக் கணக்கு நடத்துகிற ஒருத்திக்குப் பதிலைக் கண்டு பயம் வரும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். முன்பெல்லாம் வாயைத் திறக்காத வகுப்புதான் அவளுக்குப் பிடிக்காது. இப்போது வாயைத் திறக்காத பிள்ளைகள்தான் நிம்மதி. மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, நாற்பது பெண் பிள்ளைகள், ஆடி முடிந்தும் அடங்காத காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளின் தலைக்கு மேலே நடு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கடகடப்பு ஓடினால் மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாம் பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைப்பார்கள். நேற்று அதை அணைக்கச் சொன்னாள், சாக்பீஸ் தூள் கண்ணில் விழுகிறது என்று ஒரு சாக்கு. பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டே அவளைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கு மறுபடி சொல்ல வாய் வரவில்லை. ஓடட்டும். முன் பெஞ்சிலேயே கேள்வியை ஓட்டிவிடலாம், சஹானா இருக்கிறாள், அவள் வாய் சிப்பி மாதிரி சுத்தமாகத் திறந்து மூடும்.

திரும்பினாள். "இந்த எண்ணுக்கு முடிவு உண்டா?" என்று கேட்டாள். நாற்பது வாயும் சேர்ந்து "இல்லீங்க மிஸ்" என்றன. கூட்டமாகச் சொன்னால் கேட்கும். "முடிவில்லாத எண்ணைப் பின்னமா எழுத முடியுமா?" பாதி வாய்கள் ஆமாம் என்றன, பாதி இல்லை என்றன. சரி, பாடம் தொடங்கிவிட்டது, இனி கொஞ்ச தூரம் அதுவே இழுத்துக்கொண்டு போகும். "முடியும் கண்ணு. இதுக்குத் தற்காலிகமா ஒரு பேர் வெச்சுக்கலாம், எக்ஸ். இப்ப இதைப் பத்தால பெருக்கினா என்ன ஆகும், புள்ளி ஒரு இடம் தள்ளிப் போகும், 3.3333. ரெண்டையும் பாருங்க. புள்ளிக்குப் பின்னால ரெண்டுக்கும் ஒரே வாலு. ஒண்ணுலிருந்து ஒண்ணைக் கழிச்சா வாலு போயிரும்." வால் என்றதும் சிரித்தார்கள், சிரிப்பு அவளுக்குப் பற்கள் வழியாகத் தெரிந்தது. பத்து எக்ஸில் ஒரு எக்ஸ் போனால்? சஹானா எழுந்து சொன்னாள். ஒம்பது எக்ஸ். ஒம்பது என்றுதான் கேட்டது. அம்பதோ எம்பதோ அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஒம்பது, அம்பது, எம்பது, இந்த மூன்றும் அவள் காதில் ஒரே வார்த்தையாகிப் போய் இரண்டு வருஷம் இருக்கும். நடுவில் வரும் 'ம்ப' மட்டும் டம் என்று விழும், முன்னால் இருக்கிற எழுத்து மாவில் கரைந்த உப்பு மாதிரி எங்கேயோ போய்விடும். ஒம்பது எக்ஸ் சமம் மூன்று, எக்ஸ் சமம் மூன்றில் ஒன்று என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

போன வருஷம் ஈரோட்டில் காது டாக்டர் ஒருவர் அவளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கம்மா என்றார். கேட்டதற்கும் அமுக்கினாள், வெளியே மிஷின் முன்னால் இருந்த பெண்ணின் தோள் லேசாக அசைந்தபோதெல்லாமும் அமுக்கினாள், பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி. அப்படிக் காப்பியடித்தும் கோடு கீழே சரிந்துதான் வந்தது. வரைபடத் தாளை அவளிடம் நீட்டி விளக்கத் தொடங்கினார், நான் மேத்ஸ் டீச்சருங்க, கிராஃப் புரியும் என்றாள். இடமிருந்து வலமாகப் போகப் போகப் படியிறங்கும் கோடு. சின்ன வயசுல சத்தமான இடத்துல இருந்தீங்களா என்று கேட்டார். பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது. தறிச் சத்தத்துக்குள்தான் படித்தாள், தூங்கினாள், சமைந்தாள், அப்பா சோறு போடச் சொன்னதையும் அம்மா திட்டியதையும் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தறிக்காரர் வீட்டில் எல்லாருக்கும் அந்த வித்தை வரும். அதனால்தான் காது போவது தெரியாமலே போய்விட்டது. மெஷின் வெச்சுக்கலாம்மா, இப்பெல்லாம் சின்னதா வருது, முடிக்குள்ள மறைஞ்சிரும் என்றார் டாக்டர். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், அந்த வரைபடத்தைப் புருஷனிடம்கூடக் காட்டவில்லை. டீவி சத்தத்தைக் குறை அம்சா, தெருவுக்கே கேக்குது என்று மட்டும் அவர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காட்டினால் அவர் பரிதாபப்படுவார். காது கேட்காத ராசம்மா அத்தையைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்பட்ட மாதிரி. கல்யாண வீடுகளில் அத்தைக்கு முன்னாலேயே நின்று முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவார்கள், அத்தையும் அந்தச் சிரிப்புக்குப் பதிலாகச் சிரிப்பாள், உதட்டைப் படிக்கத் தெரிந்த சிறுமி அம்சவேணி தூணோரம் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பாள். செவிட்டுக் கணக்கு டீச்சர். அந்தப் பெயர் இன்னும் யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அடுத்த கணக்கு. 0.272727, மறுபடி மூன்று புள்ளி. "இதை எதால பெருக்கோணும்?" என்று கேட்டுவிட்டு, முன் பெஞ்சையே கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் தூங்கிவிடுவார்கள் என்ற பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்க, கடைசி பெஞ்சைக் காட்டினாள். அது மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பெஞ்சு. ஐந்து பேர். ஓரத்தில் கனிஷ்கா. "நீ சொல்லு." கனிஷ்கா எழுந்தாள். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஜூனில்தான் வந்து சேர்ந்த பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எப்போது கேட்டாலும் வாய்க்குள்ளேயே பேசுகிறவள். ஏதோ சொன்னாள். ஃபேன் கடகடத்தது, ஜன்னல் கதவு அடித்தது, இரண்டுக்கும் நடுவில் 'று' என்று ஒரு வால் மட்டும் வந்து விழுந்தது. "ஆறா?" என்றாள் அம்சவேணி. "ஆறால பெருக்கினா புள்ளி எப்படிம்மா நகரும்? இவ்வளவு நேரம் எங்க பராக்குப் பாத்துட்டிருந்த? உக்காரு." கனிஷ்கா உட்கார்ந்தாள். "சஹானா?" சஹானா எழுந்தாள், அவள் உதடு குவிந்து முன்னால் வந்தது, நூறு. "கரெக்ட்" என்று பலகைப் பக்கம் திரும்பி நூறு எக்ஸ் என்று எழுதத் தொடங்கினாள், ஒன்று போட்டாள், ஒரு பூஜ்ஜியம் போட்டாள், இரண்டாவது பூஜ்ஜியம் பாதி வட்டத்தில் நின்றுபோனது.

குவிந்த உதடு. ஆறு என்று சொல்ல வாய் திறக்க வேண்டும், டாக்டரிடம் திறப்பது மாதிரி ஆ என்று. நூறுக்குத்தான் உதடு குவியும். கனிஷ்கா சொன்னபோது உதடு குவிந்தது. குவிந்ததா? குவிந்தது. கண்ணுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது, சடை, காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி, குவிந்து முன்னால் வந்த உதடு. கண் பார்த்தது, காது ஆறு என்றது, வாய் காதை நம்பிக்கொண்டு திட்டிவிட்டது. சஹானா சொன்னபோதும் காதில் விழுந்தது அதே 'று'தானே, வேறென்ன விழுந்தது, ஒன்றுமில்லை, இரண்டு பேரும் ஒரே சத்தத்தைத்தான் அனுப்பினார்கள். சஹானாவின் 'று'வுக்கு முன்னால் 'நூ' போட்டதும் கனிஷ்காவின் 'று'வுக்கு முன்னால் 'ஆ' போட்டதும் தானேதான். அம்சவேணி பாதி வட்டத்தைப் பூர்த்தி செய்தாள், எதுவும் நடக்காத மாதிரி. காது கொடுப்பது பாதி, மீதியை மனசு போட்டு நிரப்பிக்கொள்கிறது, அது தெரியும், அதை வைத்துத்தான் காலம் ஓடுகிறது. பெங்களூரிலிருந்து மகன் போனில் பேசும்போது சரிப்பா, சரிப்பா என்று நிரப்பி நிரப்பி, அவன் வேலையை விட்டதற்கே சரி என்று சொல்லியிருக்கிறாள், அன்னிக்கே சொன்னேனேம்மா, நீ ஒண்ணும் கேக்கலையே என்று அவன் பிறகு வருத்தப்பட்டான். ஆனால் மனசு நிரப்புவது ஆளுக்கு ஆள் மாறும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. நல்லாப் படிக்கிற பிள்ளை என்றால் நல்ல எண்ணை எடுத்து நிரப்பும். கடைசி பெஞ்சு என்றால் ஒரு தப்பு எண்ணைத் தேடி எடுத்து நிரப்பும். அப்படியானால் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள் எதைச் சொன்னாலும் தப்புதான். நான்தானே அவளை அங்கே உட்காரவைத்தேன்.

"27.2727, இதுலிருந்து 0.2727 போனா?" என்று வாய் தன் போக்கில் கேட்டது, வகுப்பு கூட்டமாக இருபத்தேழு என்றது, கை எழுதியது, ஆனால் அவள் ஸ்டாஃப் ரூமில் இருந்தாள். போன மாசம், இடைத்தேர்வு விடைத்தாள் திருத்திய மறுநாள். கனிஷ்கா எண்பத்தாறு வாங்கியிருந்தாள். சஹானாவுக்கு அடுத்தபடி. வகுப்பில் ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லாத பெண் எண்பத்தாறு எப்படி வாங்கும்? பரீட்சையில் சஹானாவுக்கு நேர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டு விட்டாள். பூரணி டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள், வெளியே டிரில் பீரியட் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அங்கே வைத்து வாய்க்கணக்காக நாலைந்து கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் ஏதோ ஒன்றைச் சொன்னது, ஒவ்வொன்றும் தப்பு. தப்பா? தப்பு என்று கேட்டது. "சத்தமாச் சொல்லு, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அடுத்த பதிலும் தப்பு. "எழுதறப்ப வருது, கேட்டா வராதா? யாரைப் பாத்து எழுதுன?" அந்தப் பெண் அழவில்லை. தலையைக்கூடக் குனியவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது, அதைத் திமிர் என்று நினைத்தாள், பூரணி டீச்சரிடம் சொல்லவும் சொன்னாள், பாருங்க டீச்சர், முழிக்கறதைப் பாருங்க. மறுநாள் கடைசி பெஞ்சு. இப்போது நினைத்தால் அந்தப் பார்வை வேறு மாதிரி இருக்கிறது. சரியான விடையைச் சொல்லச் சொல்லத் தப்பு என்கிறவளை ஒரு பிள்ளை வேறு எப்படிப் பார்க்கும்? இரண்டும் இரண்டும் நாலு இல்லை என்று டீச்சரே சொன்னால்?

இல்லை, அவசரப்படக் கூடாது. ஒரு உதடு குவிந்ததை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகக் கூடாது. நிஜமாகவே மந்தமான பெண்ணாக இருக்கலாம், இன்றைக்கு ஒன்று தற்செயலாகச் சரியாக வந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கலாம். காது தேவைப்படாத சோதனை. அம்சவேணி பலகையின் மறு பாதியைத் துடைத்து 0.135135 என்று எழுதி மூன்று புள்ளி வைத்தாள். "கனிஷ்கா, வா. நீ போடு." அந்தப் பெண் வந்தாள். சாக்பீஸை வாங்கும்போது விரல் விரலில் படாமல் நுனியைப் பிடித்து வாங்கினாள். ஆயிரம் எக்ஸ் என்று எழுதினாள். யாரும் சொல்லித் தராத ஆயிரம், இந்த வகுப்பு இன்னும் நூறைத் தாண்டவில்லை. வாலை வெட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எக்ஸ் சமம் நூற்று முப்பத்தைந்து. பின்னமாக எழுதி ஒரு கணம் நின்று பார்த்தாள், மேலும் கீழும் ஒன்பதால் வகுத்தாள், பிறகு மூன்றால் வகுத்தாள், முப்பத்தேழில் ஐந்து என்று எழுதி, சாக்பீஸை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஒவ்வொரு சமக்குறியும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நின்றது.

அம்சவேணி அதைப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. வகுப்பு அமைதியாக இருந்த மாதிரி இருந்தது, அமைதியா அல்லது தனக்குத்தான் கேட்கவில்லையா என்று உறுதியாகத் தெரியவில்லை. இப்போது தப்பித்துவிட ஒரு வழி இருந்தது, அது தானாகவே வாயில் வந்தும் விட்டது. "வெரி குட்" என்றாள். "இப்பப் புரிஞ்சுதா?" சொல்லி முடிப்பதற்குள் கனிஷ்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டது. "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று அந்தப் பெண் சொன்னதை அம்சவேணி உதட்டில் படித்தாள். இப்போது புரிந்ததாம். திட்டியதால் புரிந்ததாம். நல்ல டீச்சர், மக்குப் பிள்ளைக்கும் புரியவைத்துவிட்டாள். இதை இப்படியே விட்டுவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, நாளைக்கு மெதுவாக இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றிவிடலாம், பரீட்சையில் மார்க் வரும், பெண் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்ளும். கனிஷ்கா திரும்பித் தன் பெஞ்சுக்கு நடக்கத் தொடங்கினாள். எச்.எம். காதுக்குப் போனால் என்ன ஆகும்? கணக்கு டீச்சருக்குக் காது கேட்காது என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால்? வகுப்பை வாங்கிக்கொண்டு ஆபீசில் ஒரு மூலையில் உட்காரவைப்பார்களா? ஊர் முழுக்கத் தறிக்காரர்கள், பாதிப் பேருக்குக் காது போயிருக்கிறது, அவர்களே சிரிப்பார்கள். அந்தப் பெண் பாதி வழி போய்விட்டாள். போகட்டும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "கனிஷ்கா, நில்லு" என்று தன் குரல், தேவையைவிட உரக்க, வகுப்பில் விழுந்தது.

"முதல்ல நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

கனிஷ்கா நின்ற இடத்திலேயே நின்றாள். டீச்சர் மறுபடி தப்பு என்பாள் என்று நினைத்திருப்பாள். முன் பெஞ்சில் ரோகிணி, எப்போதும் துடுக்காகப் பேசுகிறவள், எழுந்து வாயை அகலத் திறந்து, "நூறுன்னுதானுங்க மிஸ் சொன்னா!" என்றாள்.

"நூறுன்னுதான் சொன்னா" என்று அம்சவேணி திருப்பிச் சொன்னாள். "எனக்கு ஆறுன்னு கேட்டுச்சு. எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. ரெண்டு வருஷமா. அவ சரியாத்தான் சொன்னா, நான்தான் தப்பு." சொல்லிவிட்டாள். ஜன்னல் கதவு அடித்தது. பூமி பிளக்கும் என்று நினைத்திருந்தாள் போல, ஒன்றும் பிளக்கவில்லை. யாரோ இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ரோகிணி உட்காராமலே, "அது எங்களுக்குத் தெரியுங்க மிஸ்" என்றாள். சஹானா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், ரோகிணி கையைத் தட்டிவிட்டாள். "ஃபேன் ஓடுனா உங்களுக்குக் கேக்காது. ஏ செக்‌ஷனுக்கும் தெரியும்."

தெரியும். ஏ செக்‌ஷனுக்கும் தெரியும். அப்படியானால் சாக்பீஸ் தூள் என்று சாக்குச் சொல்லி மறைத்ததும் டாக்டர் தாளை மறைத்ததும் யாரிடமிருந்து? நாற்பது பிள்ளைகள் தினமும் தன்னைப் பார்த்துக்கொண்டு தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார்கள், ராசம்மா அத்தையைச் சுற்றி நின்ற கூட்டம் மாதிரி, இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, இவர்கள் சின்னப் பிள்ளைகள். "தெரிஞ்சா ஏன் யாரும் சொல்லல? இவ சரியாச் சொல்றான்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமில்ல?" ரோகிணி தரையைப் பார்த்தாள். "எப்படிங்க மிஸ் சொல்றது?" என்றாள், இல்லை அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும், குனிந்த தலையில் உதடு தெரியவில்லை.

அம்சவேணி பெஞ்சுகளுக்கு நடுவில் இறங்கி நடந்தாள். ஃபேனின் சத்தம் தலைக்கு மேலே வந்து, தாண்டிப் பின்னால் போனது. கனிஷ்காவின் முன்னால் போய் நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் சின்ன முகம், மூக்கின் மேல் சாக்பீஸ் தூள். மன்னிப்பு என்ற வார்த்தையை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. "நீ யாரையும் பாத்து எழுதல" என்றாள். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது கண்ணு. பையை எடுத்துட்டு முன்னாடி வா. சஹானா பக்கத்துல உக்காந்துக்க."

கனிஷ்கா நகரவில்லை. உதடு அசைந்தது, அம்சவேணிக்கு 'ங்க மிஸ்' மட்டும் வந்தது. முன் பெஞ்சுக்காரி யாரோ அங்கிருந்தே அதை எடுத்துச் சொல்லக் கிளம்பினாள், அம்சவேணி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். வலது காது கொஞ்சம் தேவலை. எல்லாருக்கும் முன்னால், தலையைச் சாய்த்து, அந்தக் காதைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். "என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

"நான் வரலீங்க மிஸ்" என்றாள் கனிஷ்கா. கடைசி பெஞ்சில் மற்ற நாலு பேரும் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் போய்ட்டா இவங்களுக்கு யாருங்க சொல்லித் தருவா?"

அது அம்சவேணிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.